வெரஹெரவில் இருந்ததும் கிளிநொச்சியில் இல்லாததும்

1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி இலங்கையின் தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. சபையின் கைக்கு வந்தவை பல கம்பனிகள் பல காலத்தில் வாங்கிய பஸ்கள். வகை பல, வயது பல. அவற்றைத் தெருவில் ஓடவைக்க நாட்டுக்குத் தேவைப்பட்டது தேர்ந்த மெக்கானிக்குகளின் ஒரு பெரும் படை. அடுத்த ஆண்டே மேற்கு ஜேர்மனியுடன் உடன்படிக்கை ஏற்பட்டு, கொழும்புக்கு அருகே வெரஹெரவில், சபையின் வேலைத்தளத்தை ஒட்டி ஒரு தொழிற்பயிற்சி நிறுவகம் தொடங்கியது. பின்னாளில் அது மொறட்டுவைக்கு இடம்மாறியது. இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் என்பது அதன் முழுப் பெயர். வாகனத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது 'ஜேர்மன் டெக்'. அங்கே படித்தவன் என்று சொன்னால் எந்தக் கராஜிலும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். ஜேர்மானியர் ஊர் திரும்பிப் பல தசாப்தங்கள் ஆகின்றன. நிறுவகம் இன்றும் நடக்கிறது.

2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்னொரு நிறுவகம் திறக்கப்பட்டது. அதற்கும் கைகொடுத்தது ஜேர்மனிதான். போரில் ஏறத்தாழத் தரைமட்டமான ஒரு மாவட்டத்தில், எல்லா இனத்து இளைஞர்களும் தங்கிப் படிக்கும் எண்ணத்துடன், வாகனத் தொழில்நுட்பம், மின்சாரம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம் என்று பல துறைகளோடு எழுந்த நிறுவகம் அது. நல்ல கட்டடங்கள், நல்ல கருவிகள். உதவிய நாடு ஒன்று, நோக்கமும் ஒன்று. முதலாவது அறுபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டி வேரோடி நிற்கிறது. இரண்டாவதும் அப்படி நிற்குமா? முதலாவது எதனால் நின்றது என்று தெரிந்துகொண்டால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஜேர்மனியின் தொழிற்பயிற்சி முறையை உலகம் இரட்டை முறை என்கிறது. அங்கே தொழில் பழக விரும்பும் இளைஞர் முதலில் தேடுவது பள்ளியை அல்ல, ஒரு நிறுவனத்தை. நிறுவனத்துடன் ஒப்பந்தம் எழுதுவார். வாரத்தில் மூன்று நான்கு நாள் அங்கே வேலை பழகுவார், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்குப் போவார். பழகும் காலத்திலேயே நிறுவனம் அவருக்குச் சம்பளம் கொடுக்கும். அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் ஏறத்தாழ 330. ஒவ்வொன்றுக்கும் என்ன கற்பிக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அரசும் ஒன்றாக உட்கார்ந்து வகுக்கிறார்கள். இறுதித் தேர்வை நடத்துவது தொழில் வணிகச் சங்கம். 1969இல் இயற்றிய தொழிற்பயிற்சிச் சட்டம் இதற்கெல்லாம் முதுகெலும்பு. ஆனால் சட்டம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கைவினைஞர் சங்கங்களில் ஊறிய பழக்கம் இது.

இந்த முறையின் உள்ளீடு என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். உலோகத் தொழில் பழக வருபவருக்குத் தொடக்கத்தில் பெரிய எந்திரம் எதையும் கொடுப்பதில்லை என்பது அங்கே நெடுங்கால வழக்கம். வைஸில் இறுக்கிய ஓர் இரும்புத் துண்டு, ஓர் அரம், அவ்வளவுதான். துண்டின் முகத்தைத் தட்டையாக அராவ வேண்டும். கேட்க எளிது. அரத்தை முன்னே தள்ளும்போது அழுத்த வேண்டும், பின்னே இழுக்கும்போது அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். தள்ளும் கை கொஞ்சம் ஆடினாலும் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி மேடாகிவிடும். அராவிய முகத்தின் மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், விளிம்புக்கும் இரும்புக்கும் இடையே ஒளி கசியும். கசியும் இடம் பள்ளம், கசியாத இடம் மேடு. திரும்ப அராவ வேண்டும். நாள்கணக்காக, சில இடங்களில் வாரக்கணக்காக இதே வேலை. போதனாசிரியர் பக்கத்தில் நின்று பார்ப்பது இரும்பை மட்டுமல்ல, பையனின் முழங்கையையும் கால் வைப்பையும்தான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்பது அவன் விரலுக்குத் தெரியும்வரை விடமாட்டார். டீசல் எஞ்சினின் எரிபொருள் பம்பைப் பிரித்துப் பூட்டப்போகும் கைக்கு இந்தப் பயிற்சி இல்லாமல் முடியாது.

இதை எந்தப் பாடநூலிலும் அடைத்து அனுப்ப முடியாது. ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகும். அதனால்தான் இத்தகைய உடன்படிக்கைகளில் கட்டடத்தையும் கருவியையும்விட ஆசிரியர்தான் விலைமதிப்பானவர். வெளிநாட்டு ஆசிரியர் ஒருவருக்குப் பக்கத்தில் உள்ளூர் ஆசிரியர் ஒருவரை நிறுத்தி, சில ஆண்டுகளில் முன்னவர் விலகிப் பின்னவர் பொறுப்பேற்பதுதான் நல்ல கூட்டுறவின் அடிப்படை ஏற்பாடு.

வெரஹெரவில் இதற்கும் மேலாக ஒன்று இருந்தது. பயின்றவர்களை எதிர்பார்த்து ஒரு முதலாளி வாசலிலேயே நின்றார். போக்குவரத்துச் சபைக்கு மெக்கானிக் தேவை, அவன் சரியாகத் தேறாவிட்டால் மறுநாள் காலையில் பஸ் டிப்போவை விட்டு வெளியே வராது. பயிற்சியின் தரத்தை அளக்கப் பரீட்சைத் திணைக்களம் வேண்டியிருக்கவில்லை. இரட்டை முறையின் இரண்டு கால்களில் பள்ளி ஒன்று, வேலைத்தளம் மற்றொன்று என்றால், இரண்டும் ஒரே வளவுக்குள் இருந்தன. ஜேர்மனி அனுப்பியது முதற்காலை. இரண்டாவது ஏற்கெனவே இங்கே இருந்தது. அந்த நிறுவகம் நிலைத்ததற்கு முதற்காரணம் இதுவே என்பது என் துணிபு. பிற்காலத்தில் சபையே துண்டாகி, மறுபடி ஒன்றாகி, பல அலைக்கழிப்புக்கு உள்ளானபோதும் நிறுவகம் சாயவில்லை. அதற்குள் தனியார் வாகன நிறுவனங்கள் அதன் பயிலுநர்களுக்குப் பழகிவிட்டிருந்தன.

அதே மொறட்டுவைப் பகுதியில், கட்டுபெத்தையில், இன்னொரு கூட்டுறவு வேறு வழியில் போனது. 1950இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய வெளியுறவு அமைச்சர்களின் மாநாட்டில் உருவான கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியது. 1960இல் அங்கே செயல்முறைத் தொழில்நுட்பத்துக்கான நிறுவகம் ஒன்று தொடங்கியது. பொறியியலாளருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்கும் தொழில்நுட்ப அலுவலர்களை உருவாக்குவது அதன் வேலை. நீர்ப்பாசனம், வீதி, கட்டடம் என்று எந்தத் திணைக்களத்தை எடுத்தாலும் அந்த நடு வரிசை மெலிந்து கிடந்த காலம் அது. 1966இல் ஐ.நா. அமைப்புகளின் உதவியுடன் அந்த இடத்தில் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1972இல் அது பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தை வளாகமானது. 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். இன்று நாட்டின் பொறியியல் கல்விக்கு அதுதான் முகம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, குறை சொல்லவும் கூடாது. ஆனால் பதினெட்டே ஆண்டுகளில் ஒரு தொழிற்பயிற்சி நிறுவகம் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, அது தொடக்கத்தில் உட்கார்ந்திருந்த இடம் ஏறத்தாழ வெறுமையாகிவிட்டது. டிப்ளோமாப் படிப்பு பல்கலைக்கழகத்துக்குள் தொடர்ந்தது உண்மை. பட்டதாரிகள் நிறைந்த வளாகத்தில் டிப்ளோமா மாணவரின் நிலை எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. கென்யாவில் ஜோமோ கென்யாட்டா வேளாண் தொழில்நுட்பக் கல்லூரி 1981இல் ஜப்பானின் உதவியோடு நடுத்தரத் தொழில்நுட்பவியலாளரை உருவாக்கவே தொடங்கியது. 1988இல் ஒரு பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஆனது. 1994இல் தானே பல்கலைக்கழகமானது. நைரோபியிலும் மொம்பாசாவிலும் இருந்த பழைய பாலிடெக்னிக்குகளும் 2013இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் ஆயின. தொழிற்பயிற்சிக்காக எவ்வளவு ஏணி வைத்தாலும் எல்லோருடைய கண்ணும் அதன் உச்சிப் படியிலேயே இருக்கிறது.

ஏன் இப்படி என்பதற்கு இலங்கையை வைத்தே உலகம் பாடம் படித்திருக்கிறது. 1971 ஏப்ரலில் தென்னிலங்கையின் படித்த இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். அதே ஆண்டில் டட்லி சீர்ஸ் தலைமையில் சர்வதேச தொழில் அமைப்பின் குழு இலங்கைக்கு வந்து ஆராய்ந்தது. வேலை இல்லாமல் இருப்பவர்களில் பெரும்பாலோர் படித்த இளையோர். அவர்கள் காத்திருப்பது ஏதோ ஒரு வேலைக்காக அல்ல, தாங்கள் பெற்ற சான்றிதழுக்குத் தகுந்தது என்று நம்பும் வேலைக்காக. வேலை வாய்ப்பையும் எதிர்பார்ப்பையும் பொருத்துவது எப்படி என்பதே அந்த அறிக்கையின் மையக் கேள்வி. பிரித்தானியச் சமூகவியலாளர் ரொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட 'தி டிப்ளோமா டிசீஸ்' என்ற நூலில் பிரித்தானியா, ஜப்பான், கென்யாவோடு இலங்கையையும் எடுத்துக்கொண்டார். வளர்ச்சிப் பாதையில் பிந்தி நுழையும் நாட்டில் சான்றிதழின் இழுவை இன்னும் கடுமையாக இருக்கும் என்பது அவர் முடிவு. நல்ல சம்பளமும் பாதுகாப்பும் உள்ள வேலைகள் சிலவே. அவற்றின் கதவைத் திறப்பது சான்றிதழ் ஒன்றே. அப்படியானால் பெற்றோர் பிள்ளையை உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தள்ளுவதில் பிழை என்ன இருக்கிறது? அவர்கள் கணக்கு சரியான கணக்குதான்.

1972 கல்விச் சீர்திருத்தம் இதை உடைக்கப் பார்த்தது. பள்ளியிலேயே தொழில் முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. சில ஆண்டுகளில் அரசு மாறியதும் அது கைவிடப்பட்டது. பள்ளியில் தச்சும் மட்பாண்டமும் கற்பித்தால் இளைஞரின் ஆசை மாறிவிடும் என்று நம்புவது வீண் என்று பிலிப் ஃபோஸ்டர் 1965இலேயே கானாவை ஆராய்ந்து எழுதியிருந்தார். ஆசையைத் தீர்மானிப்பது பாடத்திட்டமல்ல, வேலைச் சந்தையில் எந்தத் தொழிலுக்கு என்ன கிடைக்கிறது என்பதே. அறுபது ஆண்டுகள் கழித்தும் இந்த வாதத்தை யாரும் வீழ்த்தியதாக எனக்குத் தெரியவில்லை.

உதவி என்பது அரசியலுக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணமும் நமக்கு வேண்டாம். 1964இல் கொழும்பில் கிழக்கு ஜேர்மனியின் துணைத் தூதரகம் இயங்க இலங்கை இடம் கொடுத்ததும், மேற்கு ஜேர்மனி வளர்ச்சி உதவியை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு அரசு மாறிய பிறகே உறவு சீரானது. கொடுப்பவருக்கு ஒரு கணக்கு உண்டு. அதில் தவறில்லை. வாங்குபவருக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை மிகத் தெளிவாகப் போட்ட நாடு சிங்கப்பூர். எழுபதுகளின் தொடக்கத்தில் அதுவும் வளரும் நாடுதான். பிரித்தானியப் படைத்தளங்கள் மூடப்பட்டு வேலையின்மை அச்சுறுத்திய நேரத்தில், அதன் பொருளாதார வளர்ச்சிக் கழகம் பள்ளிகளைத் தேடிப் போகவில்லை, தொழிற்சாலைகளைத் தேடிப் போனது. 1972இல் இந்தியாவின் டாட்டாவுடன் ஒரு பயிற்சி நிலையம், 1973இல் ஜேர்மனியின் ரோலை கமராக் கம்பனியுடன் ஒன்று, 1975இல் பிலிப்ஸுடன் ஒன்று. இடமும் பணமும் அரசுடையவை. பயிற்றுநரும் தொழில் நுணுக்கமும் கம்பனியுடையவை. கம்பனி தன் தேவைக்கு மேலாகவும் ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும், மிஞ்சியவர்கள் நாட்டின் பிற தொழில்களுக்குப் போவார்கள் என்பது ஏற்பாடு. 1981இல் ரோலை கம்பனி நொடித்துப்போனது. தொழிற்சாலை மூடியது. ஆனால் அங்கே உருவான திறன் சிங்கப்பூரிலேயே தங்கியது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜேர்மனி, பிரான்ஸ், ஜப்பான் அரசுகளுடன் சேர்ந்து தொழில்நுட்ப நிறுவனங்களை நிறுவியபோதும் அதே கண்டிப்பு தொடர்ந்தது. ஜேர்மன்-சிங்கப்பூர் நிறுவனத்தில் மாணவர்கள் பயிற்சிக்காகச் செய்து பின் உருக்கும் பொருள்களைச் செய்யவில்லை. உண்மையான தொழிற்சாலைக்கு உண்மையாகவே தேவைப்பட்ட வேலைகளை எடுத்துச் செய்தார்கள். 1992இல் நன்யாங் பாலிடெக்னிக் அமைந்ததும் இந்நிறுவனங்கள் அதற்குள் வந்தன. அதே ஆண்டில் பள்ளியை முடித்துத் தொழிலுக்குப் போகும் பிள்ளைகளுக்காகத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தைத் தனியாக அமைத்து, அதற்கென்றே பெரிய வளாகங்கள் கட்டினார்கள். அதைப் பல்கலைக்கழகமாக்க அவர்கள் முனையவில்லை.

சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகச் சொன்னால் நம்மவர்களுக்குச் சலிப்பு வருவதுண்டு. சிறிய தீவு, கடுமையான ஆட்சி, வந்து குவிந்த முதலீடு, இதெல்லாம் நமக்கு எங்கே என்பார்கள். நியாயமான மறுப்பு. ஆனால் பள்ளிக்கு முன் வேலைத்தளத்தைத் தேடிய வரிசை ஒழுங்குக்குத் தீவின் அளவு காரணமல்ல.

இப்போது கிளிநொச்சிக்கு வருவோம். அறிவியல் நகரில் படித்து முடிக்கும் இளைஞரோ யுவதியோ வாசலைத் தாண்டி வெளியே வந்தால் எதிரே நிற்கும் முதலாளி யார்? ஒரு காலத்தில் இருந்தார்கள். 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடியது. கிளிநொச்சிக்குச் சற்று வடக்கே, காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எண்பதுகளின் நடுவிலேயே நின்றுபோனது. அவை வெறும் தொழிற்சாலைகள் அல்ல. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், ஆய்வுகூட உதவியாளர் என்று ஒரு தலைமுறையே வேலையோடு வேலையாகக் கற்ற இடங்கள். போருக்குப் பிறகு கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன, இந்திய உதவியுடன் அச்சுவேலித் தொழிற்பேட்டை மறுபடி திறந்தது. ஆயிரக்கணக்கான இளைஞருக்குத் தொழில் பழகும் இடம் தர இவை போதவே போதாது.

ஆக, அனுப்ப முடிந்ததை ஜேர்மனி அனுப்பியது. கல்லூரியைக் கடல் கடந்து கொண்டுவரலாம், முதலாளியைக் கொண்டுவர முடியாது. இரட்டை முறையின் ஒற்றைக் காலில் நிற்கும் நிறுவகம் இரண்டில் ஒரு வழியில்தான் சரியும். ஒன்று, கட்டுபெத்தை போன வழி. இலங்கையின் தேசியத் தொழில் தகைமையில் ஏழு நிலைகள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். 2008இல் தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் சட்டபூர்வமாக வந்துவிட்டது. வேலை இல்லாத ஊரில் நான்காம் நிலையில் நிற்க யாருக்கு மனம் வரும்? மற்றது, விமான நிலையத்துக்குப் போகும் வழி. பொருளாதாரம் நொறுங்கிய 2022ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். ஜேர்மனியே 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம் தொழில் தகைமை உள்ள வெளிநாட்டவருக்குக் கதவைத் திறந்தது. வெளியே போவதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு போதனாசிரியர் போகும்போது அவரோடு போவது ஒரு வேலையாள் மட்டுமல்ல, அவர் அடுத்த இருபது ஆண்டில் பழக்கவிருந்த அத்தனை கைகளும்தான். அரசாங்கச் சம்பளப் படிநிலையில் கட்டப்பட்ட போதனாசிரியருக்கு, அவரிடம் கற்ற மாணவன் வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பணம் கண்ணெதிரே தெரிகிறது. இந்த இடைவெளியை அடைக்காமல் புதிய எந்திரம் கேட்டு எழுதும் கடிதங்களால் ஒரு பயனும் இல்லை. எந்திரம் பத்து ஆண்டில் பழசாகிவிடும்.

வேலைத்தளம் இல்லவே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, ஆனால் கதவு மூடியிருக்கிறது என்பேன். வெரஹெரவில் முதலாளியாக நின்றது அரசு. அதே அரசு வடக்கிலும் முதலாளிதான். கோண்டாவிலில் போக்குவரத்துச் சபையின் டிப்போ இருக்கிறது. 2014இல் யாழ்ப்பாணம்வரை மறுபடி ஓடத் தொடங்கிய புகையிரதப் பாதைக்குத் தண்டவாளமும் சமிக்ஞையும் பராமரிக்க ஆள் வேண்டும். மன்னாரில் தம்பபவனி காற்றாலை சுழல்கிறது. மின்சார சபை, நீர் வழங்கல் சபை, பொது வைத்தியசாலைகள், நீர்ப்பாசனத் திணைக்களம் என எல்லாவற்றுக்கும் பட்டறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் குறித்த எண்ணிக்கையில் பயிலுநரை எடுத்து, படித்தொகை கொடுத்து, தன் மூத்த தொழிலாளி ஒருவரைப் பயிற்றுநராக நியமித்து, அவருக்கு மேலதிகப் படியும் தரவேண்டும் என்று ஒரு விதி போதும். இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. யுவதிகளுக்குத் தங்குமிடமும் மாலைநேரப் பஸ்ஸும் உறுதியானால் அவர்களும் வருவார்கள். போரில் ஆண் துணையை இழந்த குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்தில் இது சின்ன விஷயமல்ல.

இனி ஒரு வெளிநாட்டுக் கல்லூரி வந்து கூட்டுறவுக்குக் கை நீட்டினால் நாம் கேட்க வேண்டியது மூன்றாவது கணினிக்கூடத்தை அல்ல. எங்கள் போதனாசிரியர் உங்கள் தொழிற்சாலை ஒன்றில் ஆறு மாதம் வேலை செய்யட்டும், உங்கள் பயிற்றுநர் ஒருவர் இங்கே ஐந்து ஆண்டு தங்கட்டும், உங்கள் நாட்டுக் கம்பனி ஒன்று இங்கே ஒரு சிறு உற்பத்தி அலகைத் தொடங்கட்டும் என்று கேட்க வேண்டும். மூன்றில் ஒன்று கிடைத்தாலும் லாபம்.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. எண்பதுகளிலிருந்து ஜேர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போய்ச் சேர்ந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அதே இரட்டை முறையில் தொழில் பழகி, இன்று மின்பொறி, வாகனம், உலோகம், சமையல் என்று தேர்ந்த தொழிலாளராக இருக்கிறார்கள். சிலர் சொந்தத் தொழில் நடத்துகிறார்கள். தமிழும் தெரியும், அரம் பிடிக்கவும் தெரியும். எந்த உடன்படிக்கையும் அனுப்ப முடியாத பயிற்றுநர்கள் அவர்கள். ஊருக்கு என்ன செய்யலாம் என்று கேட்கும் அவர்களுக்கு என் விடை: வடக்கில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையைத் திறவுங்கள். அதில் இரண்டு இடத்தை அறிவியல் நகர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள்.